நடுநிலையும் நலமுரணும் – கூட்டுக் கலைக்களஞ்சியமும் முள்ளிவாய்க்கால் வரலாறும்

வரலாற்றை எழுதுபவன் அவ்வரலாற்றிலே தனக்கென ஒரு நலன் இல்லாதவனாக இருத்தல் வேண்டும் என்பது அறிஞர் பலராலும் வலியுறுத்தப்பட்டு வந்த கருத்தாகும். வழக்காளியே நீதிபதியின் ஆசனத்தில் அமர்தல் ஆகாது என்பது உலக நியதி. நடுவுநிலைமைக்கெனத் தனியோர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்தமை தமிழர் சிந்தனையில் இக்கருத்து பெற்றிருந்த இடத்தைப் புலப்படுத்தும். எனினும், நலன் எதுவுமற்ற ஒருவர் கிடைக்கவே மாட்டார் என்ற நிலையில் ஒரு நிகழ்ச்சியின் வரலாறு எவ்வாறு எழுதப்படுதல் வேண்டும்? வன்னிப் பெருநிலத்தின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவைத் தவிர்க்க முடியாத வினாவாக்கியுள்ளது. முள்ளிவாய்க்காலைப் பற்றி எழுத முற்படும் எவரும் ஏதோ ஒரு கரையில் நின்றே எழுதுகின்றனர். அக்கரை எது என்பதை மறைத்து எழுதுவதா, அறிவித்து எழுதுவதா என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும்.

கல்லும் ஏடும்

வன்னியிலே இவ்வினா புதியதன்று. முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவிலே ஆங்கிலேயர் நாட்டிய கல்லொன்று இதற்குத் தக்க சான்றாகும். 1803 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி கப்டன் வொன் டிரிபேர்க் என்பான் அவ்விடத்தருகே பண்டார வன்னியனைத் தோற்கடித்தான் என்ற செய்தி அதில் ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றி ஆங்கிலப் படையினரை அங்கிருந்து வெளியேற்றிய செய்தி அக்கல்லில் இல்லை. கல் கூறியது பொய்யன்று, எனினும் முழுமையுமன்று. வென்றவன் தன் வெற்றியைத் தானே எழுதும்போது எதனைச் சொல்லாது விடுவான் என்பதை அது காட்டிற்று.

யாழ்ப்பாண வைபவமாலையின் வரலாறு இதனின்றும் வேறுபட்டது. மாதகல் மயில்வாகனப் புலவர் அந்நூலை 1736 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரியாகிய மேக்கறூன் என்பவரின் வேண்டுகோளுக்கிணங்க இயற்றினார் என்பர். ஆளும் அந்நியரின் வேண்டுகோளின்படி ஆளப்படும் இனத்தின் வரலாற்றை எழுதுதல் எத்துணை இடர்ப்பாடுடையது என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும் புலவர் அவ்வேண்டுகோளை மறைத்தாரல்லர். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றைத் தமக்கு முதல்நூல்களாகக் கொண்டமையும் நூலின்கண்ணே சுட்டப்பட்டது. யார் கேட்க எழுதினார், எவற்றைக் கொண்டு எழுதினார் என்ற இரண்டும் தெரிந்தமையாலேயே, முதலியார் இராசநாயகம், சுவாமி ஞானப்பிரகாசர் முதலிய பிற்கால ஆய்வாளர் அந்நூலின் கூற்றுக்களை எடைபோட்டு ஏற்கவும் மறுக்கவும் இயன்றது. கற்சிலைமடுக் கல்லோ தன்னை நாட்டியவரின் நலனைப் பற்றி எதுவும் கூறாது நின்றது. நலன் உடைமையன்று, நலனை மறைத்தலே வரலாற்றுக்குப் பெருங்கேடு என்பது இவ்விரண்டையும் ஒப்பிடுவார்க்குப் புலனாகும்.

கலைக்களஞ்சியம் பெற்ற மாற்றம்

தமிழிலே கலைக்களஞ்சிய முயற்சிகள் தனியொருவர் உழைப்பாகவே தொடங்கின. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசம் 1902 இலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதானசிந்தாமணி 1910 இலும் வெளிவந்தன. பின்னர் தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 ஆம் ஆண்டு முதல் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. இவற்றிலெல்லாம் எழுதியவர் யார் என்பதும், பிழைக்குப் பொறுப்பாளர் யார் என்பதும் தெளிவு.

மேனாட்டிலும் நிலைமை இதுவே. பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தின் 1926 ஆம் ஆண்டுப் பதிப்பிலே லெனின் பற்றிய கட்டுரையை எழுதியவர் ட்ரொட்ஸ்கி. உளப்பகுப்பாய்வு பற்றிய கட்டுரையை எழுதியவர் அத்துறையை நிறுவிய பிராய்ட். இற்றைநாள் அளவுகோலால் நோக்கின் இவை இரண்டும் நலமுரணுக்கு வெளிப்படையான எடுத்துக்காட்டுக்களாகும். எனினும் அக்கட்டுரைகளை வாசித்தவர் ஏமாற்றப்பட்டாரல்லர். ட்ரொட்ஸ்கி தம் தோழரைப் பற்றி எழுதுகின்றார் என்ற அறிவோடேயே அவர் அதனை வாசித்தார்.

2001 ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா இந்நிலையை மாற்றியது. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம், புனைபெயரே போதும். 2003 ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவை அதன் தொடக்க காலத்தில் வளர்த்தெடுத்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் ஆவார். இன்று அது ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டு விளங்குகின்றது. தமிழர் எவரும் எங்கிருந்தும் தம் ஊரின் வரலாற்றை எழுதலாம் என்ற வாய்ப்பு அரியதொன்றாகும். ஆனால் எழுதுபவர் முகம் மறைந்தபோது அவர்தம் நலனும் உடன் மறைந்தது. பழைய கலைக்களஞ்சியத்திலே கட்டுரையாளரின் பெயர் செய்த பணியை இங்கே விதிகள் செய்யவேண்டியதாயிற்று.

நலமுரண் என்பது யாது?

பக்கச்சார்பும் நலமுரணும் ஒன்றெனப் பலர் மயங்குவர். இவை வெவ்வேறாம். சார்பு என்பது ஒருவரின் உள்ளத்தின் சாய்வு. நலமுரண் என்பது எழுதப்படும் பொருளோடு அவருக்குள்ள புறத்தொடர்பினால் விளைவது. ஒரு நிறுவனத்தின் ஊழியர் அந்நிறுவனத்தைப் பற்றி எழுதுவதும், கூலி பெற்றவர் கூலி கொடுத்தவரைப் பற்றி எழுதுவதும், ஒருவர் தம்மைப் பற்றியோ தம் குடும்பத்தாரைப் பற்றியோ எழுதுவதும் நலமுரணாகும். தமிழராய்ப் பிறந்தமையோ சிங்களவராய்ப் பிறந்தமையோ நலமுரணாகாது. இவ்வேறுபாட்டை மறந்தால் வன்னியிற் பிறந்தார் எவரும் வன்னியைப் பற்றி எழுதலாகாது என்ற பொருந்தாத முடிவுக்கே வருதல் நேரும்.

இவ்விதிகள் அனுபவத்தாற் பிறந்தவை. 2006 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் அலுவலகங்களைச் சேர்ந்த பணியாளர் தம் தலைவர்களைப் பற்றிய கட்டுரைகளைத் தாமே திருத்தியமை வெளிப்பட்டது. 2007 ஆம் ஆண்டு ஓகஸ்டில் வேர்ஜில் கிரிபித் என்ற மாணவர், பெயரின்றிச் செய்யப்பட்ட திருத்தங்கள் எந்நிறுவனத்தின் கணினி வலையத்திலிருந்து வந்தன என்பதைக் கண்டறியும் கருவியொன்றை வெளியிட்டார். 2015 ஆம் ஆண்டிலோ ஆங்கில விக்கிப்பீடியாவின் நிருவாகிகளுள் ஒருவரே, இந்தியக் கல்வி நிறுவனமொன்றைப் பற்றிய கட்டுரையைப் பல ஆண்டுகளாக ஒருபக்கச் சார்பாகத் திருத்தி வந்தார் என்பதற்காக நடுவர் குழுவினால் தடைசெய்யப்பட்டார்.

இவற்றால் உருவான நடைமுறை எளிமையானது. நலன் உடையவர் அதனை அறிவித்தல் வேண்டும். கட்டுரையை நேரே திருத்தாது, உரையாடற் பக்கத்திலே தம் திருத்தத்தைச் சான்றோடு முன்மொழிதல் வேண்டும். நலன் அற்ற மற்றொருவர் அதனை ஆராய்ந்து சேர்ப்பார். ஊதியம் பெற்று எழுதுவோர் தமக்கு ஊதியம் தருபவரைக் கட்டாயமாக வெளிப்படுத்தல் வேண்டும் என்பது 2014 ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் பயன்பாட்டு விதியாயிற்று. ஒவ்வொரு திருத்தமும் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்திற் பதிவாகி நிற்பதால், எவர் எதனை எப்போது மாற்றினார் என்பது அழியாது. யாரும் யாரையும் நம்பவேண்டியதில்லை; சரிபார்க்க முடிந்தாற் போதும் என்பதே இந்நடைமுறையின் அடிப்படை.

முள்ளிவாய்க்காலும் எண்களும்

நந்திக்கடலுக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பே முள்ளிவாய்க்கால். 2008 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர் வன்னியிலிருந்து விலகினர். 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி அரச படைகளின் வசமாயிற்று. அதன்பின் மூன்று முறை போர் தவிர்ப்பு வலயங்கள் அறிவிக்கப்பட்டன. அவை ஒவ்வொன்றும் முன்னையதினும் சுருங்கி, மே மாதத்திலே முள்ளிவாய்க்காலில் முடிவுற்றன. மே 18 ஆம் திகதி போர் ஓய்ந்தது. சுதந்திரமான செய்தியாளர் எவரும் அக்காலத்தில் அங்கே அனுமதிக்கப்படவில்லை. எனவே அங்கிருந்து வெளிவந்த செய்தி ஒவ்வொன்றும் போரிட்ட இரு தரப்பினருள் ஒரு தரப்பின் வழியாகவோ, அத்தரப்பின் கைக்குள் அகப்பட்டிருந்தவர் வழியாகவோ வந்தது.

அரச மருத்துவர்களின் நிலை இதற்குத் துயர்மிகு சான்றாகும். வன்னியிலே கடமையாற்றிய அவர்கள் காயமுற்றோரையும் இறந்தோரையும் பற்றிய தகவல்களை அன்றாடம் வெளியுலகுக்குத் தெரிவித்தனர். போர் முடிந்தபின் கைதுசெய்யப்பட்ட அவர்கள் 2009 ஜூலை 8 ஆம் திகதி கொழும்பிலே செய்தியாளர் முன் தோன்றி, விடுதலைப் புலிகளின் வற்புறுத்தலினால் எண்ணிக்கையை மிகைப்படுத்திக் கூறியதாகச் சொல்லினர். அப்போது அவர்கள் தடுப்புக்காவலில் இருந்தனர். முன்னர் கூறியது புலிகளின் ஆட்சிக்குட்பட்ட நிலத்தில். பின்னர் கூறியது அரசின் காவலில். எனவே, எவ்விடத்திலிருந்து கூறப்பட்டது என்பதைக் குறியாது இவ்விரு கூற்றுக்களுள் ஒன்றை மாத்திரம் எடுத்தெழுதுபவர் வரலாறு எழுதுபவரல்லர்.

இறந்தோர் தொகை பற்றிய எண்களும் அவ்வாறே பிறந்தவிடத்தோடு சேர்த்து நோக்கப்படவேண்டியவை. ஐக்கிய நாடுகளின் கொழும்பு அலுவலகம் 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாகவும் 18,479 பேர் காயமுற்றதாகவும் திரட்டிய கணக்கு அக்காலத்தில் முறையாக வெளியிடப்படவில்லை. அக்கணக்கு நின்ற நாளுக்குப் பின்னரும் போர் ஐந்து நாள்கள் நடைபெற்றது. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 ஆம் ஆண்டில், பொதுமக்களின் இறப்பு நாற்பதாயிரம் வரை சென்றிருக்கக்கூடும் என்பதை மறுக்கவியலாது என்றது. அரசின் சார்பில் 2012 ஆம் ஆண்டில் வெளியான குடிசனக் கணக்கெடுப்பு, இறுதிக்கட்டத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இறந்தனர் என்றது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான சார்ள்ஸ் பெற்றியின் உள்ளக ஆய்வறிக்கையோ, கணக்கில் வராதோர் எழுபதாயிரத்துக்கும் மேல் எனக் கூறும் தகவல்களைச் சுட்டியதோடு, ஐக்கிய நாடுகள் அமைப்பு தன் கடமையில் தவறியதையும் ஒப்புக்கொண்டது. இவ்வகையில் நடுவர் எனக் கருதப்பட்ட ஐக்கிய நாடுகள் அமைப்பும் நலன் உடையதொரு தரப்பாகவே இருந்தமை தெளிவாகும்.

இவற்றுள் மிகுதியும் தவறாக எடுத்தாளப்படுவது மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியிலே கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த எண்ணாகும். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059 என்பது கச்சேரிக் கணக்கு. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. இவற்றின் வேறுபாடு 146,679. ஆயர் இவ்வளவு பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார்; இவ்வளவு பேரும் இறந்தனர் என்று கூறினாரல்லர். தமிழ் ஆர்வலர் சிலர் அக்கேள்வியை விடையாக்கி எழுதினர். மறுதரப்பினர் சிலர் அது மிகையெனக் கூறி, கேள்வியையே நீக்க முற்பட்டனர். இரண்டும் நலனால் விளைந்த பிழைகளே. ஆயரின் கூற்றை அவர் கூறியவாறே, கழித்தற் கணக்கோடு எழுதுவதே நேர்மை. அரசே வைத்திருந்த ஏடுகளிலிருந்து எழுந்த கேள்வி என்பதாலேயே அது வலியுடையது. அதனை விடையாக மாற்றுபவர் அவ்வலிமையைத் தாமே குறைக்கின்றார்.

கூட்டுழைப்பிற் கண்ட வழி

போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே ஆங்கில விக்கிப்பீடியாவின் இலங்கை தொடர்பான கட்டுரைகள் மற்றொரு போர்க்களமாயின. ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பதும், அழித்ததை முன்னவர் மீட்பதுமாக நாள்கள் கழிந்தன. ஒருவர் ஒரு கட்டுரையில் இருபத்துநான்கு மணி நேரத்துள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தல் ஆகாது என்ற பொதுவிதியும் இதற்குப் போதுமானதாக இருக்கவில்லை. அந்நிலையிலே இருசாராரும் நடுநிலையாளரும் சேர்ந்து இலங்கை மீளிணக்கத் திட்டம் என்னும் செயற்றிட்டமொன்றை அமைத்தனர். எச்செய்தி மூலத்தை எவ்வாறு ஆளுதல் வேண்டும் என்பதை அவர்கள் உரையாடி வகுத்தனர். பாதுகாப்பு அமைச்சின் தளத்தையும் தமிழ்நெற்றையும் முற்றாக விலக்காது, அவற்றின் சார்பை வாக்கியத்திலேயே குறித்து மேற்கோள் காட்டலாம் என்ற வகை அவ்வழியிற் பிறந்தது.

இம்முறையின் நுட்பம் எண்ணிப் பார்க்கத்தக்கது. சார்புடைய சான்றை விலக்கின், வன்னியைப் பற்றி எழுத எதுவுமே எஞ்சாது. சார்பைக் குறியாது ஏற்பின், பரப்புரை வரலாறாகிவிடும். கூற்றையும் கூறியவரையும் ஒருங்கே எழுதுதலே எஞ்சும் வழி. மயில்வாகனப் புலவர் தம் முதல்நூல்களைச் சுட்டியமையும் இந்நெறியின்பாற்பட்டதே.

எனினும் விதிகளால் மாத்திரம் எல்லாம் நிறைவேறிவிடா. பெயரிடுதலே முதலாவது சிக்கல். அரசாங்கம் மனிதாபிமான நடவடிக்கை என்றது. தமிழ் மக்கள் முள்ளிவாய்க்காற் படுகொலை என்றனர். 2015 பெப்ரவரியில் வடமாகாண சபை இனப்படுகொலை எனத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு பெயரைத் தேர்வதே ஒரு தரப்பைத் தேர்வதாகிவிடுகின்றது. இரண்டாவது சிக்கல் இதனினும் ஆழமானது. நம்பத்தக்க வெளியீட்டில் வந்ததையே கலைக்களஞ்சியம் ஏற்கும். பதுங்குகுழியிலே தன் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாயின் வாய்மொழி அச்சேறாதவரையில் அங்கே சான்றாகாது. அச்சகமும் நிதியும் திணைக்களமும் உடைய தரப்பினரின் எண் உடனே சான்றாகிவிடும். விதி யாவர்க்கும் ஒன்றே. ஆனால் விதியின் முன் யாவரும் ஒரே நிலையில் நிற்கவில்லை.

இக்குறைக்குப் பரிகாரம் விதியைத் தளர்த்துவதன்று, பதிவைப் பெருக்குவதே. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது அழிந்தவை எத்துணை என்பதை அறிந்த சமூகத்துக்கு இது புதிய பாடமன்று. 2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் எண்ணிம வடிவிற் காத்து வருதல் இத்துறையில் ஆற்றப்பட்ட பெரும்பணியாகும். வாய்மொழிச் சான்றுகள் முறையாகத் திரட்டப்பட்டு, நாளும் இடமும் குறிக்கப்பட்டு, ஆய்விதழ்களில் வெளிவரின் அவற்றைக் கலைக்களஞ்சியம் மறுக்க இயலாது. இது பல்கலைக்கழகங்களின் கடமையுமாகும்.

தன்பக்கத்துக்கு எதிரான வாக்கியம்

நலமுரணைக் கண்டறிய எளியதோர் உரைகல் உண்டு. ஒருவர் தம் தரப்புக்குப் பாதகமான உண்மையை எழுதுகின்றாரா என்பதே அது. நிபுணர் குழுவின் அறிக்கை, மருத்துவமனைகள் மீதும் போர் தவிர்ப்பு வலயங்கள் மீதும் அரச படைகள் எறிகணை வீசியமையை நம்பத்தக்க குற்றச்சாட்டாகக் கொண்டது. அதே அறிக்கை, விடுதலைப் புலிகள் மக்களைக் கேடயமாக வைத்திருந்தமையையும், தப்பியோட முயன்றோரைச் சுட்டமையையும், சிறுவரைப் படையிற் சேர்த்தமையையும் நம்பத்தக்க குற்றச்சாட்டாகவே கொண்டது. முதற்பகுதியை மாத்திரம் எழுதும் தமிழரும், இரண்டாம் பகுதியை மாத்திரம் எழுதும் அரச சார்பினரும் ஒரே அறிக்கையைப் படித்தவர்களே. இரண்டையும் எழுதுதல் இரண்டையும் சமப்படுத்துவதாகாது. ஒவ்வொன்றும் அதனதன் அளவுக்கும் சான்றுக்கும் ஏற்ப நிற்கும். ஆனால் ஒன்றை மறைப்பவரின் மற்றைய கூற்றையும் உலகம் ஐயுறும்.

இவ்வழியில் நடந்தோர் நமது மண்ணிலேயே இருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர் நால்வர் எழுதிய முறிந்த பனை என்னும் நூல் இந்திய அமைதி காக்கும் படையையும் அரசையும் தமிழ் இயக்கங்களையும் ஒருங்கே விமரிசித்தது. அந்நால்வருள் ஒருவரான கலாநிதி ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21 ஆம் திகதி யாழ்ப்பாணத்திலே சுட்டுக்கொல்லப்பட்டார். அவர்களும் இம்மண்ணின் மக்களே. அவர்களுக்கும் சார்பு இருந்தது. எனினும் அச்சார்பு அவர்களின் கண்களை மறைக்கவில்லை. அந்நேர்மைக்கு அவர்கள் கொடுத்த விலையை நோக்கும்போது, கலைக்களஞ்சியத்தின் உரையாடற் பக்கத்திலே தன் தொடர்பை ஒரு வரியில் அறிவித்தல் பெரியதொரு தியாகமாகாது.

முடிவுரை

நந்திக்கடலை அண்டிப் புதுக்குடியிருப்பிலே போரின் பின் அரசு வெற்றிச் சின்னமொன்றை நிறுவியது. அதில் படைவீரன் உயர்ந்து நிற்கின்றான். அந்நிலத்தில் இறந்த பொதுமக்களைப் பற்றி அது எதுவும் பேசவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் அம்மக்களுக்காக எழுப்பப்பட்ட நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு இடித்தழிக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே மீண்டும் எழுந்தது. கற்சிலைமடுக் கல்லின் காலந்தொட்டு இன்றுவரை வன்னியின் வரலாறு கல்லிலே எழுதப்படுவதும் கல்லோடு உடைக்கப்படுவதுமாகவே இருந்து வந்துள்ளது.

கூட்டுக் கலைக்களஞ்சியம் அத்தகைய கல்லன்று. அதனை எவரும் திருத்தலாம். ஆயினும் திருத்தியது எவர், எப்போது என்பதை எவராலும் அழித்தல் இயலாது. அக்களத்தில் எழுதப் புகும் இளைஞர் மூன்றினை மனங்கொள்ளுதல் தகும். தமக்குள்ள தொடர்பை முதலில் அறிவித்தல். ஒவ்வொரு கூற்றையும் கூறியவரோடு சேர்த்தே எழுதுதல். தம் தரப்புக்குக் கசப்பான உண்மையையும் விட்டுவிடாதிருத்தல். முள்ளிவாய்க்காலில் இறந்தோர் தொகை இன்றுவரை முடிவாகவில்லை. அவர்களை மிகைப்படுத்தி எண்ணுவதும் குறைத்து எண்ணுவதும் அவர்களுக்கு இழைக்கும் அநீதியே. உயிரோடிருந்தபோது அவர்களின் எண்ணிக்கையே தகராற்றுக்குள்ளாயிற்று; இறந்தபின்னராவது அவர்கள் சரியாக எண்ணப்படுதல் வேண்டும்.